கழிவைப் படிக்கக் கற்றல்

சுழற்சிப் பொருளாதாரம் இன்று பெரும்பாலும் புதிய இயந்திரங்களோடும் சுற்றுச்சூழல் சட்டங்களோடும் சேர்த்தே பேசப்படுகிறது என்றாலும், அந்தக் கருத்தின் முதன்மையான வேர்களில் ஒன்று மனித வேலையைப் பற்றிய அக்கறைதான். 1976ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வால்டர் ஸ்டாஹெலும் ஜெனவீவ் ரெடேயும் ஐரோப்பிய ஆணையத்துக்கு அளித்த ஆய்வறிக்கை, எரிபொருள் செய்யும் வேலையில் எவ்வளவை மனித உழைப்பால் ஈடுசெய்ய முடியும் என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டது. மண்ணிலிருந்து மூலப்பொருளை எடுத்து, உருக்கி, பக்குவப்படுத்தும் கட்டத்தில் எரிபொருள் மிகுதியாகத் தேவைப்படுகிறது, ஆட்கள் குறைவாகவே தேவைப்படுகிறார்கள். பொருளைச் செய்து முடிக்கும் கட்டத்திலும் அதைப் பழுதுபார்த்து மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் கட்டத்திலும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. எனவே ஒரு பொருளின் ஆயுளை நீட்டுவதும், அது தேய்ந்தபின் அதன் பாகங்களையும் மூலப்பொருளையும் தொழிலுக்கே திருப்பி அனுப்புவதும், எரிபொருளை மிச்சப்படுத்துவதோடு வேலைவாய்ப்பையும் பெருக்கும் என்பது அவர்களின் முடிவு. எடுத்து, செய்து, எறிந்துவிடும் நேர்கோட்டுப் பாதையை வளைத்து வட்டமாக்குவதையே சுழற்சிப் பொருளாதாரம் என்கிறோம்.

ஆனால் அந்த வட்டத்தைச் சுழலவைக்க வெறும் ஆள்பலம் போதாது. புதிய பஞ்சு ஒரே தரத்தில், பேல் கட்டி, சோதனைச் சான்றோடு ஆலைக்கு வருகிறது. கழிவுத் துணியோ எந்தக் கலவை, எந்தச் சாயம், எவ்வளவு அழுக்கு என்ற விவரம் எதுவும் இல்லாமல் மூட்டையாக வந்து இறங்குகிறது. நேர்கோட்டுத் தொழிலில் இயந்திரம் அறிந்திருக்கும் செய்தியைச் சுழற்சித் தொழிலில் மனிதர் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த அறிவை யார் பெற்றிருக்கிறார்கள், எங்கே கற்றார்கள், அதற்கு ஏதாவது பள்ளி உண்டா என்று கேட்டால், தமிழ்நாட்டில் அதற்குப் பொருத்தமான இடம் திருப்பூர். பின்னலாடைத் துண்டுகளை மீண்டும் நூலாக்கும் சுழற்சியும், சாயத் தண்ணீரை மீண்டும் நல்ல தண்ணீராக்கும் சுழற்சியும் அங்கே ஆண்டுக்கணக்காக, தொழில் அளவில் நடந்துகொண்டிருக்கின்றன.

முதலில் துணியைப் பார்ப்போம். பனியன் கம்பெனியின் வெட்டும் மேசையில் துணியைப் பல அடுக்குகளாக விரித்து, அதன்மேல் உடல், கை, கழுத்து ஆகியவற்றின் வடிவங்களை நெருக்கமாகப் பொருத்திய மார்க்கர் என்னும் வரைபடத்தை வைத்து வெட்டுகிறார்கள். எவ்வளவு நெருக்கிப் பொருத்தினாலும் வளைவுகளுக்கு இடையில் துணி எஞ்சத்தான் செய்யும். வழக்கமாக 10 முதல் 15 விழுக்காடு வரை இப்படித் துண்டாகிவிடுகிறது. இதுதான் கட்டிங் வேஸ்ட். வண்டிப் பட்டறைகளில் கிரீஸ் துடைக்கும் பனியன் வேஸ்ட்டாக அதன் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதன் மதிப்புமிக்க பகுதி கிடங்குகளுக்குப் போய், அங்கே நிறவாரியாகவும் வகைவாரியாகவும் பிரிக்கப்பட்டு, முள் உருளைகள் கொண்ட இயந்திரத்தில் கிழிக்கப்பட்டு, மீண்டும் பஞ்சாகிறது. பின்னல் துணிக்குரிய நூலில் முறுக்கு குறைவு என்பதால், நெய்த துணியைவிட அது எளிதில் பிரிந்துகொடுக்கும். இருந்தாலும் கிழிபடும்போது இழைகள் அறுந்து குட்டையாகிவிடுகின்றன. அந்தக் குட்டை இழை வழக்கமான நூற்புக் கதிருக்கு ஒத்துவராது. இழைகளைத் தனித்தனியாக்கி, காற்றின் வேகத்தால் விரைந்து சுழலும் சிறு கிண்ணத்துக்குள் செலுத்தி முறுக்கேற்றும் ஓப்பன் எண்ட் முறைதான் அதை ஏற்கும். வலுவுக்காகப் பாட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்த பாலியெஸ்டர் இழையைச் சேர்த்து, ஓ.இ. மில்கள் என்று மேற்கு மாவட்டங்களில் அழைக்கப்படும் ஆலைகள் நூற்கும் இந்த நூல்தான் போர்வையாகவும் துண்டாகவும் மிதியடியாகவும் மாறுகிறது. சிவப்புத் துண்டுகளை மட்டும் சேர்த்துக் கிழித்தால் சிவப்பு நூலே கிடைப்பதால், மீண்டும் சாயமேற்ற வேண்டியதில்லை. சாயத்துக்கான நீரும் உப்பும் வெந்நீருக்கான விறகும் அத்தனையும் மிச்சம்.

இந்த மிச்சம் முழுவதும் பிரிப்பவரின் கண்ணையும் விரலையும் நம்பியே இருக்கிறது. கிடங்குகளில் தரையில் உட்கார்ந்து பிரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெள்ளை என்று வெளியார் பொதுவாகச் சொல்வதை அவர்கள் சலவை வெள்ளை, பழுப்பு கலந்த வெள்ளை, நீலம் பூத்த பளிச்சென்ற வெள்ளை எனத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். இந்தக் கடைசி வகையில் ஒளியைக் கூட்டிக்காட்டும் வேதிப்பொருள் ஏற்றப்பட்டிருப்பதால், மற்றவற்றோடு கலந்துவிட்டால் நூலில் திட்டுத்திட்டாகத் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு கருநீலங்கள் பகல் வெளிச்சத்தில் வேறாகிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இழையின் வகையில் ஐயம் வந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் போதும்: பருத்தி காகிதம்போல எரிந்து, காகிதம் கருகும் வாசனையோடு மென்மையான சாம்பலாகும், பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கறுத்த மணியாக இறுகும், இரண்டும் கலந்திருந்தால் சாம்பலைத் தேய்க்கும்போது விரலில் அந்த மணி நெருடும். ரப்பர்போல நீளும் இழையான லைக்ராவுக்கு நெருப்புகூட வேண்டாம், இழுத்துவிட்டால் தெரிந்துவிடும். லைக்ரா கலந்த துண்டு கிழிக்கும் இயந்திரத்துக்குள் போய்விட்டால், கிழியாமல் நீண்டு, உருளையில் சுற்றிக்கொண்டு, சூடேறி, மொத்தப் பஞ்சின் தரத்தையும் கெடுத்துவிடும். ஜவுளித் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் இழை அறிதல், நிற அளவியல் என்ற பெயர்களில் கற்பிக்கப்படும் பாடத்தைத்தான் இந்தப் பெண்கள் பெயர் தெரியாமல் நாள்தோறும் செய்துகாட்டுகிறார்கள். அதற்குச் சான்றிதழும் இல்லை, அதற்கேற்ற கூலியும் இல்லை, பஞ்சுத் தூசி நுரையீரலைப் பாதிக்கும் என்று சொல்லி முகக்கவசம் தருவோரும் எல்லாக் கிடங்குகளிலும் இல்லை.

கிடங்கில் இவ்வளவு அறிவு தேவைப்படுவதற்குக் காரணம் கிடங்கில் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உடல் பகுதி முழுப் பருத்தியாகவும், கழுத்துப் பட்டையான ரிப் மட்டும் 5 விழுக்காடு லைக்ரா கலந்ததாகவும் இருக்கும் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டால், இரண்டின் துண்டுகளும் ஒரே சாக்கில் கொட்டப்படும் நொடியில் அந்தச் சாக்கின் விலை விழுந்துவிடுகிறது. வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு சாக்குகள் வைத்திருந்தால் அது நேர்ந்திருக்காது. அதற்கு இயந்திரமும் முதலீடும் வேண்டாம், ஏன் பிரிக்க வேண்டும் என்று கட்டிங் மாஸ்டருக்கும் உதவியாளருக்கும் தெரிந்திருந்தால் போதும். அதற்கும் முன்னால், அந்த ரிப்பில் லைக்ரா இன்றியமையாததா என்று வாங்குபவரோடு பேசும் மெர்ச்சண்டைசர் கேட்டிருக்கலாம். அதற்கும் முன்னால், வடிவமைப்பாளர் வளைவைச் சற்று மாற்றியிருந்தால் மார்க்கரில் ஒரு விழுக்காடு துணி மிச்சமாகியிருக்கலாம். அந்த ஒரு விழுக்காட்டின் அருமை சாதாரணமானதல்ல. நூற்று, பின்னி, சாயமேற்றிய பிறகு வெட்டப்படும் துணி, தன்மீது ஏற்கெனவே செலவிடப்பட்ட உழைப்பு அனைத்தோடும் சேர்ந்துதான் துண்டாகி விழுகிறது. வேஸ்ட்டாக விற்கும்போது கிடைப்பது அதன் விலையில் ஒரு சிறு பங்கு. இந்த வரிசையில் மேலே இருப்பவர்கள் கல்லூரியில் படித்தவர்கள், கீழே இருப்பவர்கள் படிக்காதவர்கள். ஆனால் மேலே எடுக்கும் முடிவு கீழே என்ன செய்கிறது என்ற செய்தி மேலே போய்ச் சேர வழியில்லை. உற்பத்தித் துறைக்கான சுழற்சிக் கல்வியின் நடுச் சிக்கல் இதுவே. கீழே இருப்பவருக்குப் பயிற்சி அளிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மேலே இருப்பவரைக் கீழே அழைத்துவந்து உட்காரவைப்பதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

தண்ணீரின் கதை இதைவிடக் கடுமையானது, ஏனென்றால் திருப்பூர் அந்தப் பாடத்தை விரும்பிப் படிக்கவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், சாயக்கழிவால் பாழானது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்ட வேண்டும் என்ற உத்தரவும் காலக்கெடுக்களும் கடந்துபோன பின், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் அடைக்கப்பட்டு, பிறகு சுத்திகரிப்பு முறையைச் சரிசெய்த பின்னரே படிப்படியாகத் திறந்தன. இன்று பட்டறைகளின் கழிவுநீர் குழாய்வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சென்று, நுண்ணுயிர்களால் செரிக்கப்பட்டு, நிறம் நீக்கப்பட்டு, உப்பை வடிகட்டும் சவ்வுகள் வழியாக அழுத்தித் தள்ளப்பட்டு, பெரும்பகுதி நல்ல நீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. எஞ்சும் உப்புக் கரைசல் ஆவியாக்கும் கலன்களில் சுண்டவைக்கப்பட்டு உப்பாகிறது.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனிதர் நிற்கிறார். நுண்ணுயிர்த் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குழாயில் நீரை எடுத்து, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, சேறு எந்தக் கோடுவரை படிகிறது என்று பார்ப்பது அந்த வேலையின் முதல் பாடம். நன்றாகப் படிந்து மேலே தெளிந்த நீர் நின்றால் உயிரிகள் நலமாக இருக்கின்றன. பஞ்சுபோல மிதந்தாலோ மேல்நீர் கலங்கியிருந்தாலோ, முந்தைய நாள் ஏதோ ஒரு பட்டறை ஒவ்வாத பொருளை ஊற்றியிருக்கிறது அல்லது காற்று போதவில்லை என்று பொருள். அந்தக் குழாயின் செய்தியை அன்றே படிக்கத் தெரியாதவர் பணியில் இருந்தால், சரியாகச் செரிக்காத கழிவு அடுத்துள்ள சவ்வுகளில் போய் அடைத்துக்கொள்ளும். சவ்வின் இருபுறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஏறும். கழுவ வேண்டிய இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய விலை உயர்ந்த சவ்வு முன்கூட்டியே மாற்றப்படும். அந்தச் செலவு ஒரு கிலோ துணிக்கான சாயக்கூலியில் ஏறி, கட்டுப்படியாகாத பட்டறை இரவில் கழிவைத் திறந்துவிடும் சபலத்துக்கு ஆளாகிறது. ஒருவருடைய பயிற்சிக் குறை ஆற்றில் போய் முடிவது இப்படித்தான்.

இங்கேயும் மேலே எடுக்கப்படும் முடிவே கீழே விளைகிறது. பருத்திக்கு ஏற்றும் சாயம் துணியில் பற்றுவதற்கு, ஒரு லிட்டர் நீருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு சேர்க்கப்படுகிறது. அப்படியும் சாயத்தில் கணிசமான பங்கு பற்றாமல் கழுவிப் போகிறது, உப்போ ஏறத்தாழ முழுவதுமாக நீரிலேயே தங்குகிறது. சாயமேற்றுபவர் சோடியம் சல்பேட் உப்பை மட்டுமே பயன்படுத்தினால், சுத்திகரிப்பு நிலையம் அதைத் தூய்மையாக மீட்டுத் திருப்பித் தர முடியும். ஒரு நாள் சாதாரண உப்பையும், கார நீரைச் சமன்படுத்த ஏதோ ஓர் அமிலத்தையும் யோசிக்காமல் சேர்த்தால், முடிவில் கிடைப்பது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. நிறம் முதல் தடவையே சரியாக வராமல் மீண்டும் சாயமேற்றினால் நீர், உப்பு, விறகு அனைத்தும் மறுபடி செலவாகும். ஆக, தண்ணீரைத் தூய்மையாக்கும் பயிற்சி உண்மையில் சாயமேற்றுபவரிடம் தொடங்க வேண்டும். அவர் இன்று பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி ஒட்டிய அறிவிப்புப் பலகை அவருக்குச் சுவரில் தீட்டிய கோலம் மட்டுமே.

பயிற்சியின்மைக்கு விலையாகப் பணம் மட்டும் போவதில்லை. கழிவுநீர்த் தொட்டிகளில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் மயங்கி விழுகிறார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். ஆபத்து வாயுவால் மட்டுமல்ல: 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் உயிரிழந்தார்கள். பசுமை வேலை என்ற அழகிய பெயரைச் சூட்டும் எவரும், அந்த வேலைகளில் பல இப்படிப்பட்ட தொட்டிகளின் ஓரத்தில் நடப்பவை என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லியாக வேண்டும். வாயுவை அளக்கும் கருவி, காற்றுக் குழாய், மேலே கயிறு பிடிக்க ஒருவர் என்ற மூன்றும் இல்லாமல் இறங்க மறுக்கும் உரிமையும் அந்தப் பாடத்தின் பகுதியே.

நாட்டில் பயிற்சிக்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களான ஐ.டி.ஐ.கள் 1950 முதலான கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. வேதித் தொழிற்சாலை இயக்குநர் என்ற பிரிவுகூட அங்கே உண்டு. 2013இல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, ஒவ்வொரு வேலைக்கும் தேவையான திறனைப் படிநிலைகளாக வகுத்தது. 2015இல் பசுமை வேலைகளுக்கென ஒரு திறன் மன்றம் தொடங்கப்பட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பர், மறுசுழற்சிப் பொருள் சேகரித்துப் பிரிப்பவர் போன்ற வேலைகளுக்குத் தகுதி வரையறைகளும் எழுதப்பட்டன. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்திய திட்டமும் பெருமைப்படத்தக்கவை. ஆனால் ரோபோ, கணினி வழி உலோக வெட்டு, முப்பரிமாண அச்சு, மின்வாகனம் என இந்த மேம்பாட்டில் முன்னால் நிற்கும் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றைச் செய்யும் தொழில்களுக்கு உரியவை. செய்ததைப் பிரிப்பதும், பிரித்ததன் தரத்தை மதிப்பிடுவதும், மதிப்பிட்டதை மீண்டும் உற்பத்தி வரிசையில் ஏற்றுவதும் அதே மதிப்போடு முன்வரிசைக்கு வரவில்லை.

அந்த மதிப்பு பெயரிலும் இருக்கிறது என்பதற்கு ஜெர்மனி எடுத்துக்காட்டு. தொழிற்கூடத்தில் வேலை, பள்ளியில் பாடம் என இரண்டையும் இணைத்து மூன்று ஆண்டுகள் பயிலும் தொழில்களின் பட்டியலில் நீர் வழங்கலும் கழிவகற்றலும் 1984லேயே இடம்பெற்றன. 2002இல் அவை தனித்தனித் தொழில்களாகப் பிரிக்கப்பட்டன. 2024 ஆகஸ்ட் முதல் அவற்றின் பெயர்கள் புதுப்பிக்கப்பட்டு, சுழற்சி மற்றும் கழிவுப் பொருளியலுக்கான சுற்றுச்சூழல் தொழில்நுட்பர் என்று ஒருவர் தேர்வெழுதிச் சான்று பெறலாம். அதோடு, 2021 ஆகஸ்ட் முதல் புதிதாக வகுக்கப்படும் தொழிற்பயிற்சி ஒவ்வொன்றிலும், அது எந்தத் தொழிலாக இருந்தாலும், சுற்றுச்சூழல் பாதுகாப்பும் நீடித்தநிலையும் கட்டாயப் பகுதியாக்கப்பட்டுள்ளன. கழிவைக் கையாள்பவருக்குத் தனித் தொழிற்பெயரும், கழிவை உண்டாக்கும் மற்ற எல்லாத் தொழிலருக்கும் பொதுப் பாடமும் என்ற இந்த இரட்டை வழிதான் கவனிக்கத்தக்கது. முன்னது மட்டும் இருந்தால் கழிவாளர் தனித்து விடப்படுவார். பின்னது மட்டும் இருந்தால் எல்லோரும் கேட்டுவிட்டு மறந்துவிடும் நீதிபோதனை வகுப்பாகிவிடும்.

இதை அப்படியே திருப்பூரில் நட்டுவிட முடியாது. அங்கே கிடங்குகள் சிறியவை, கூலி பீஸ் கணக்கில், பிரிப்பவர் ஒரு வாரம் வகுப்புக்குப் போனால் ஒரு வாரக் கூலி போய்விடும். அவருக்கு ஏற்ற வழி, ஏற்கெனவே கைவசமுள்ள திறனை வேலையிடத்திலேயே சோதித்துச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகாரமே. அதற்கான ஏற்பாடு 2015 முதல் அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்று கூலியில் ஒரு படியாவது ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அது சட்டமிட்டு மாட்டும் காகிதமாகவே நின்றுவிடும். பிரிப்பவர்களில் தேர்ந்த ஒருவரை ஊதியம் கொடுத்து வடிவமைப்புக் கல்லூரிக்கும் ஐ.டி.ஐ.க்கும் பயிற்றுநராக அழைப்பது இன்னும் நல்லது. அந்தக் கல்லூரி மாணவர்கள், தாங்கள் வடிவமைத்த ஆடையின் துண்டுகளைக் கிடங்கில் உட்கார்ந்து தாங்களே பிரித்து, எது எந்த விலைக்குப் போகிறது என்று எழுதிவந்தால், லைக்ராவைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் நடக்கும் விரிவுரைக்கு அது ஈடாகும். இழைச் சோதனைக்குத் தேவையான ஆய்வகங்களும் அனுபவமும் கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் உண்டு; கிடங்கின் விரலறிவையும் ஆய்வகத்தின் அளவீட்டையும் ஒரே மேசையில் வைப்பது தொலைதூரக் கனவு அல்ல.

இதற்கு அவசரமும் வந்துவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல்சார் வடிவமைப்புச் சட்டம், பொருள் எதனால் ஆனது, எப்படிப் பழுதுபார்ப்பது, எப்படிப் பிரிப்பது என்ற விவரங்களைச் சுமக்கும் மின்னணுக் கடவுச்சீட்டைக் கொண்டுவருகிறது. அது முதலில் தொடவிருக்கும் துறைகளில் ஆடையும் ஒன்று. மறுசுழற்சி நூல் என்று சான்று பெறவும், துண்டு எந்தக் கம்பெனியில் விழுந்தது என்பது தொடங்கி ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆவணம் கேட்கப்படுகிறது. துணியைத் தொட்டே அடையாளம் சொல்லக்கூடிய கிடங்குக்காரருக்கு எடைச்சீட்டும் லாட் எண்ணும் எழுதிவைக்கும் பழக்கம் இல்லாவிட்டால், பல ஆண்டுகளாக உண்மையிலேயே சுழற்சி செய்துவந்தவர் கணக்கில் வராமல் போய்விடுவார். அந்த இடத்தில் காகிதம் நன்றாக எழுதத் தெரிந்த வேறொருவர் வந்து அமர்வார். எளிய பதிவேடு எழுதும் பயிற்சியும், கைப்பேசியில் அதை ஏற்றும் பயிற்சியும் இந்தத் தொழிலின் நீதிக்கே தேவைப்படுவது இதனால்தான்.

பாடத்திட்டம் எழுத உட்காருபவர்களுக்குத் திருப்பூர் இன்னும் விடை சொல்லாத கேள்வி ஒன்றையும் வைத்திருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில், ஆவியாக்கும் கலனிலிருந்து கடைசியாக வெளிவந்த கலப்பு உப்பு மூட்டைகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. சல்பேட்டும் குளோரைடும் கார்பனேட்டும் சாயத்தின் எச்சமும் ஒன்றாகிக் கிடக்கும் அது, மழை பட்டால் கரைந்து மண்ணுக்குள் போய்விடும் என்பதால் தார்ப்பாயின் கீழ் காக்கப்படுகிறது. அதைக் கட்டுப்படியாகும் செலவில் பிரிக்கும் வழியைத் தேடும் வேலை வேதியியல் படிக்கும் மாணவருக்கும், அது உருவாகாமலேயே சாயமேற்றும் வழியைத் தேடும் வேலை சாயப்பட்டறையில் பயிற்சி பெறும் இளைஞருக்கும் அந்த மூட்டைகளின் முன்னால் காத்திருக்கிறது.